அயலாரிடம் கேட்கத் தெரிந்த இறையியல்

(ஹைதராபாத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பால் டேவிட் தேவானந்தன். தமிழர். கிறிஸ்தவர். தத்துவப் பேராசிரியர். சென்னையில் 1901-ல் பிறந்து, இதே ஹைதராபாத்தில் நிஜாம் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். அவருடைய இறையியலுக்கும் நாம் இன்று வாழ்கிற பண்பாட்டுக்கும் என்ன உறவு? இதுதான் என் கேள்வி.

அசரியா பேராயரை இங்கே எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிலிருந்து வந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, நிஜாம் ராஜ்ஜியத்தின் தோர்ணக்கல்லில் வாழ்நாளைக் கொடுத்தவர். அவர் படம் நம் வீடுகளில் தொங்குகிறது. தேவானந்தன் படம் எந்த வீட்டில் தொங்குகிறது? அசரியா சபைகளைக் கட்டினார். சபை கண்ணுக்குத் தெரியும். தேவானந்தன் ஒரு சிந்தனையைக் கட்டினார். சிந்தனையைக் கட்டியவரை மறப்பது எளிது. அந்த மறதி எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

பஷீர்பாகில் நிஜாம் கல்லூரி வாசலைக் கடந்து போகிறவர்கள் தினமும் எத்தனை ஆயிரம் பேர்! 1887-ல் தொடங்கிய கல்லூரி அது. இருப்பது நிஜாமின் தலைநகரில்; பட்டம் தருவதோ சென்னைப் பல்கலைக்கழகம். 1947 வரை அப்படித்தான் இருந்தது. தேவானந்தன் இளைஞராக இருந்தபோது, 1918-ல், உஸ்மானியா பல்கலைக்கழகம் பிறந்தது. அங்கே உயர்கல்வி முழுவதும் உருதுவில். இங்கே ஆங்கிலத்தில். தெருவில் தெலுங்கு. தமிழனுக்கு வீட்டில் தமிழ். முஸ்லிம் அரசர், பெரும்பான்மை இந்துக் குடிகள், சிறு கூட்டமாகக் கிறிஸ்தவர்கள். இப்படிப்பட்ட ஊரில் கல்வி கற்றவனுக்கு ‘என் மதம், என் மொழி, என் கூட்டம்’ என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா? அவர் பிற்காலத்தில் எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த நகரத்தின் சாயலை அதில் காண்கிறேன். இது என் கணிப்பு. ஹைதராபாத்தில் வாழ்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

பின்பு சென்னை மாநிலக் கல்லூரியில் மேற்படிப்பு. அந்நாளில் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளராக இருந்தவர் சேலத்துக்காரரான கே.டி. பால். அவரோடு ஏற்பட்ட தொடர்பு இளைஞர் தேவானந்தனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கலிபோர்னியாவில் இறையியல் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எதை ஆராய்ந்து தெரியுமா? மாயை! ஒரு கிறிஸ்தவ இளைஞன், அமெரிக்கா போய், அத்வைதத்தின் இதயத்தில் இருக்கிற மாயைக் கொள்கையை ஆராய்கிறான். அது 1950-ல் நூலாகவும் வந்தது.

ஏன் மாயை? உலகம் உண்மையா இல்லையா என்ற கேள்வி மடங்களுக்குள் முடிந்துபோகிற கேள்வி அல்ல என்று அவர் கண்டார். உலகம் நிலையற்ற தோற்றம் என்றால், அந்த உலகத்தில் பசித்துக் கிடக்கிறவனுடைய பசி என்ன ஆகும்? வரலாறு என்ன ஆகும்? நீதிக்கான போராட்டம் என்ன ஆகும்? அதே நாளில் ராதாகிருஷ்ணன் போன்றோர், மாயை என்றால் உலகம் பொய் என்று பொருளல்ல என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய கொள்கைக்கு ஏன் புதிய விளக்கம் தேவைப்பட்டது? யார் கேட்டார்கள்? எது நெருக்கியது? தேவானந்தனின் வாழ்நாள் ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் தொடங்கியது.

1930-களின் தொடக்கம் முதல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் தத்துவமும் சமயங்களின் வரலாறும் கற்பித்தார். அந்தக் காலத்தில்தான் பெரிய விவாதம் ஒன்று வெடித்தது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே ஒரு நூல் எழுதியிருந்தார். கடவுள் கிறிஸ்துவில் தந்த வெளிப்பாடு வேறு, மனிதர் கட்டிய மதங்கள் வேறு, இரண்டுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். நம் சென்னைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்கறிஞர் செஞ்சையா, தொழிற்சங்கத் தலைவரும் பின்னாளில் சென்னை மேயருமான சக்கரை போன்றோர் சேர்ந்து அதே ஆண்டு ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார்கள். இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி முதலிலிருந்து சிந்திக்க வேண்டும் என்பது அவர்கள் முழக்கம்.

தேவானந்தன் எந்தப் பக்கம் நின்றார்? முதலில் அவர் கிரேமருக்குப் பக்கத்தில் நின்றவர்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாடு விடுதலை அடைந்த பிறகு, தன் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தார். பார்த்ததை மறுக்காத நேர்மை அவரிடம் இருந்தது. அந்த நேர்மை அவரை நகர்த்தியது.

அவர் பார்த்தது என்ன? முன்வினைப் பயனை அனுபவித்தே தீரவேண்டும் என்று நம்பிய தாத்தாவின் பேரன், கிராமத்தில் கிணறு வெட்டப் போகிறான். தீண்டாமை கூடாது என்கிறான். பெண்ணைப் படிக்க வைக்கிறான். ஐந்தாண்டுத் திட்டம் பற்றிப் பேசுகிறான். அவனிடம் போய், ‘உன் மதம் இதை அனுமதிக்கிறதா?’ என்று கேட்டால், ‘இதுதான் என் தர்மம், இதுவே கர்மயோகம்’ என்கிறான். மனிதன் தனி ஆள், மதிப்புள்ளவன், சமூகம் மாறக்கூடியது, வரலாற்றுக்கு ஒரு போக்கு உண்டு. இவை அவனுடைய வாழ்க்கையில் முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டன. அவனுடைய மரபு அவற்றுக்கு இன்னும் அடித்தளம் தேடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தேடலைத்தான் தேவானந்தன் ‘புதுப்பிக்கப்படும் இந்து சமயம்’ என்று ஆராய்ந்தார். அதைக் குறைசொல்ல ஆராயவில்லை. அக்கறையோடு ஆராய்ந்தார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அன்பர்களே, இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான். அயலானுடைய நம்பிக்கைக்குள்ளே நடக்கிற இந்தப் புதுப்பித்தல் யாருடைய வேலை? கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், எல்லாவற்றையும் புதிதாக்குகிறார் என்று நம்புகிறவன் நீ. அந்தப் புதிதாக்கும் வேலை உன் ஆலய மதிற்சுவரோடு நின்றுவிடுமா? கோயிலுக்குப் போகிறவன் மனத்திலும், பள்ளிவாசலில் தொழுகிறவன் மனத்திலும், எந்தக் கோயிலுக்கும் போகாதவன் மனத்திலும் நீதிக்கான பசியை மூட்டியது யார்? அதை அடையாளம் காணக் கிறிஸ்தவனுக்குக் கண் வேண்டாமா?

இந்தக் கேள்வியை அவர் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்கவில்லை. 1961 நவம்பரில் டெல்லி விஞ்ஞான் பவனில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மூன்றாம் பேரவை கூடியது. ஆசிய மண்ணில் அதன் முதல் பேரவை. உலகமெங்குமிருந்து வந்த திருச்சபைத் தலைவர்கள் முன் நின்று கேட்டார். மற்ற மதங்கள் அனைத்தும் அழிந்தொழிய வேண்டும் என்பதுதான் நற்செய்தியின் நோக்கமா என்று அந்தச் சபையில் கேட்கத் துணிந்தவர் நம் தேவானந்தன்!

துணிவு என்று ஏன் சொல்கிறேன்? காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு முன்புதான், 1956-ல், மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு மிஷனரிகளின் வேலைகளைக் கடுமையாகச் சாடி அறிக்கை கொடுத்திருந்தது. கிறிஸ்தவர்கள் மீது சந்தேகக் கண் விழுந்த காலம். சந்தேகப்படுகிற சமூகத்துக்கு நடுவில் சிறுபான்மை என்ன செய்யும்? ஒன்று, ஓட்டுக்குள் சுருங்கும். அல்லது, ஆத்திரப்பட்டுப் பதில் சொல்லும். தேவானந்தன் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். 1957-ல் பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மதத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய்வதற்கென்றே ஒரு கிறிஸ்தவ நிறுவனம். திருவல்லா பக்கத்திலிருந்து வந்த எம்.எம். தாமஸ் அவருக்குத் துணை இயக்குநர். இந்தத் தாமஸ்தான் பின்னாளில் நாகாலாந்து ஆளுநரானார்.

அந்த நிறுவனத்தில் என்ன நடந்தது? போதகர்களை மட்டும் கூட்டிவைத்துப் பேசவில்லை. பொருளாதாரம் தெரிந்தவர்கள், அரசியலில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், சமூக ஊழியர்கள், இந்து அறிஞர்கள் எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். நாட்டைக் கட்டும் வேலையில் கிறிஸ்தவனின் பங்கு என்ன? குடியரசில் மனிதன் யார், சமூகம் எது, அரசு எது? இவற்றைப் பேசினார்கள், பேசியதைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டார்கள். தலைப்பைப் பார்த்தாலே அந்த மனிதருடைய மனம் தெரியும். அவற்றில் ஒன்றைத் தமிழர்களாகிய நாம் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

திராவிடர் கழகத்தைப் பற்றி தேவானந்தன் ஒரு நூல் எழுதினார்! துணைத்தலைப்பு, பிராமணியத்துக்கு எதிரான கலகம். இதன் பொருளைச் சற்றே யோசியுங்கள். 1953-ல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைக்கச் சொன்னார். கடவுள் இல்லை என்று மேடைதோறும் முழங்கினார். ஒரு குருவானவர் என்ன செய்திருக்கலாம்? நாத்திகம் என்று கையை உதறியிருக்கலாம். அல்லது இந்து சமயத்தைத்தானே திட்டுகிறார்கள் என்று உள்ளூர மகிழ்ந்திருக்கலாம். தென்னிந்தியத் திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்றிருந்த தேவானந்தன் இரண்டையும் செய்யவில்லை. உட்கார்ந்து படித்தார். இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடவுளை மறுக்கிறவனுடைய கோபத்திலும் மனிதனின் மாண்பு பற்றிய செய்தி இருக்கக்கூடும் என்று காது கொடுத்தார். இறையியல் என்பது இதுதானய்யா! வேத புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் காதைப் பொத்திக்கொள்வது இறையியல் ஆகாது.

சிலர் கேட்பீர்கள். இது எல்லா மதமும் ஒன்றே என்ற பேச்சில்தானே போய் முடியும்? இல்லை. அந்தப் பேச்சை அவர் ஏற்கவே இல்லை. எல்லாம் ஒன்று என்று சொல்கிறவனுக்கு உரையாட என்ன இருக்கிறது? தன் நம்பிக்கையில் வேர் பிடித்து நிற்கிறவன்தான் அயலானுடைய நம்பிக்கையை மதிப்போடு கேட்க முடியும். கிறிஸ்துவைப் பற்றிய சாட்சியை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. அந்தச் சாட்சி மேடையிலிருந்து வீசி எறியப்படுவதல்ல, கூட இருந்து, கூட உழைத்து, கூடப் பேசும்போது பிறப்பது என்றார். மறைவுக்குப் பின் 1964-ல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பின் பெயரே ‘உரையாடலுக்கான ஆயத்தம்’. உரையாடல் கூட அல்ல, அதற்கான ஆயத்தம்! முதலில் படி, முதலில் பழகு, முதலில் புரிந்துகொள் என்கிற பணிவு அந்தப் பெயரில் இருக்கிறது.

சரி, பெங்களூரையும் டெல்லியையும் விட்டு நம் தெருவுக்கு வருவோம். தேவானந்தன் எந்த மதத்தையும் மூன்று கூறாகப் பார்க்கச் சொன்னார். கொள்கை, வழிபாடு, பண்பாடு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நம் ஊர் பதுக்கம்மா விழாவைப் பாருங்கள்.

மகாளய அமாவாசையிலிருந்து ஒன்பது நாள். தங்கேடுப் பூ, அதாவது நம் ஆவாரம்பூ, குனுகுப் பூ, சாமந்தி. பித்தளைத் தாம்பாளத்தில் வட்டம் வட்டமாக அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கி, கோபுரம்போல் நிறுத்துகிறார்கள். உச்சியில் மஞ்சளில் பிடித்த ஒரு சின்ன உருண்டை, கௌரம்மா. பெண்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். கடைசியில் ஏரியில் விடுகிறார்கள். 2014-ல் தெலங்கானா பிறந்ததும் இது மாநில விழாவாயிற்று. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கிறது. நம் வீட்டுப் பெண்ணைத் தோழிகள் கூப்பிடுகிறார்கள். அவள் போகலாமா? பூ அடுக்கலாமா? பாடலாமா? உச்சியில் மஞ்சளை வைக்கும் நேரத்தில் அவள் என்ன செய்வாள்?

இந்தக் கேள்வியோடு வராத பெற்றோர் இந்த நகரத்தின் போதகர்களிடம் உண்டா? நாம் என்ன பதில் சொல்கிறோம்? ‘போகாதே’ என்பது ஒரு வரிப் பதில். ‘அதனால் என்ன, போய்விட்டு வா’ என்பது இன்னொரு வரிப் பதில். தேவானந்தனைப் படித்தவன் ஒரு வரியில் பதில் சொல்ல மாட்டான். அந்தத் தாம்பாளத்தைக் கிட்ட இருந்து பார் என்பான். மண்ணில் விளைந்த பூவுக்கும், ஏரி நிறைந்த மகிழ்ச்சிக்கும், பிறந்த வீடு வந்த பெண்களின் பாட்டுக்கும் நீயும் உரிமைக்காரி. அது பண்பாடு. மஞ்சள் கௌரம்மாவின் முன் கைகுவிப்பது வழிபாடு. அங்கே உன் மனச்சாட்சி உனக்கு உண்டு, தோழியிடம் அதை அன்போடு சொல்ல நா உண்டு. அவள் ஏன் கும்பிடுகிறாள் என்று கேட்கக் காதும் உண்டு. மூன்று கூறுகளும் ஒரே தாம்பாளத்தில் கலந்து கிடக்கின்றனவே, எப்படிப் பிரிப்பது என்றால், பிரிக்கிற வேலையை அந்தப் பெண்ணும் தோழியும் உட்கார்ந்து பேசித்தான் செய்ய முடியும். நான் மேடையிலிருந்து செய்துகொடுக்க முடியாது.

1962 ஆகஸ்ட் 10 அன்று, டேராடூன் ரயில் நிலையத்தில் தேவானந்தன் மாரடைப்பால் காலமானார். பக்கத்து ராஜ்பூரில் இருந்த கிறிஸ்தவத் தியான மையத்துக்கு, ஒரு கூட்டத்தை நடத்தப் போய்க்கொண்டிருந்தார். டெல்லியில் அந்தக் கேள்வியைக் கேட்டு ஓராண்டு கூட முடியவில்லை. அவருடைய மாணவர் ஸ்டான்லி சமர்த்தா 1971-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் உரையாடல் பிரிவுக்கு முதல் இயக்குநரானார். நிஜாம் கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி ஜெனிவாவில் ஓர் அலுவலகமாகவே ஆயிற்று.

இனி, அவரைக் கொண்டாடுகிறவன் என்ற உரிமையில், அவர் விட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். தேவானந்தன் காது கொடுத்தது பெரும்பாலும் யாருக்கு? ராதாகிருஷ்ணனுக்கு, காந்திக்கு, ராமகிருஷ்ண மடத்துக்கு. படித்த, எழுதிய, ஆங்கிலத்தில் பேசிய இந்துவுக்கு. திராவிடர் கழகம் பற்றிய நூல் அந்தச் சுவரில் அவர் திறந்த ஒரு சன்னல். ஆனால் இந்தியத் திருச்சபையின் பெரும் பகுதி யார்? தலித்துகள் அல்லவா! மாலா, மாதிகா சாதியினர் அல்லவா நம் ஆந்திர, தெலங்கானா சபைகளின் உடல்! அவர்களுடைய நம்பிக்கை, அவர்களுடைய பண்பாடு, அவர்களுடைய கோபம் தேவானந்தன் மேசைக்கு முழுதாக வந்து சேரவில்லை.

அந்தக் குறையை எடுத்துக் காட்டியவர் யார்? மீண்டும் நம் ஹைதராபாத்! உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த கே. வில்சன், 1982-ல் இந்த நகரத்திலிருந்தே ஒரு நூல் வெளியிட்டார். தலித் கிறிஸ்தவர்களின் பண்பாட்டைப் பற்றியது. இரண்டு முறை அந்நியப்படுத்தப்பட்டவர்கள் என்று அவர்களுக்குப் பெயரிட்டார். சாதிச் சமூகத்தால் ஒருமுறை. தஞ்சம் என்று வந்த திருச்சபைக்குள்ளேயே மறுமுறை. நாற்காலியில் சாதி, திருமணத்தில் சாதி, தமிழ்நாட்டிலோ கல்லறையிலும் சாதி. அரசும் சேர்ந்துகொண்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை.

வில்சனின் நூல் வந்து மூன்றாம் ஆண்டு, 1985 ஜூலை 17, அன்றைய பிரகாசம் மாவட்டத்தின் காரம்சேடு. குடிதண்ணீர்க் குளத்தை எருமை கழுவி அழுக்காக்காதே என்று தட்டிக்கேட்டதற்காக மாதிகா குடியிருப்பே தாக்கப்பட்டது. ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடியிருப்பில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அயலானோடு உரையாடு என்று தேவானந்தன் சொன்னாரே, குளத்தங்கரையில் ஆயுதத்தோடு நிற்கிற அயலானோடு எப்படி உரையாடுவது? சமமில்லாத இரண்டு பேர் உட்காரும் மேசையில் முதலில் எதைப் பேச வேண்டும்? மாண்பைத்தான் பேச வேண்டும், தண்ணீரைத்தான் பேச வேண்டும், நீதியைத்தான் பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் மாயையும் மோட்சமும். தேவானந்தன் இன்று இருந்தால் இதை மறுத்திருக்க மாட்டார். மனிதனுடைய பசியிலிருந்துதானே அவரே தொடங்கினார்!

இன்னொரு அயலாரையும் சொல்லாமல் இந்த ஊரில் பேச்சை முடிக்க முடியாது. இஸ்லாத்தைப் படிப்பதற்கென்று 1930-ல் லாகூரில் தொடங்கிய ஹென்றி மார்ட்டின் நிறுவனம், எழுபதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத்துக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு ஊழியம் செய்ய ஆள் தயாரித்த இடம், காலப்போக்கில் முஸ்லிம்களோடு சேர்ந்து படிக்கிற இடமாயிற்று. 1990 டிசம்பரில் மதக் கலவரத்தால் பழைய நகரம் இரத்தத்தில் நனைந்தபோது, நிறுவனத்தார் நூலகத்தை விட்டு எழுந்து, காயம்பட்ட தெருக்களுக்குப் போனார்கள். இந்து முஸ்லிம் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து உட்காரும் வேலை அங்கே தொடங்கியது. தேவானந்தன் வார்த்தையில் எழுதியதை அவர்கள் கால்நடையாகப் போய்ச் செய்தார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேவானந்தன் திராவிடர் கழகத்தைப் பற்றி எழுதியதையும், வில்சன் தலித் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தனியாகப் படிக்காதீர்கள். பெரியாரைப் படித்த ஒரு தோழரையும், கந்தகிரி முருகனைக் கும்பிடப் போகும் பத்மாராவ் நகர் நண்பரையும், சார்மினார் பக்கத்து முஸ்லிம் நண்பரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மாதம் ஒரு மாலை போதும். இடம் வேண்டுமானால் இந்த அரங்கைத் தர நிர்வாகிகள் மறுக்க மாட்டார்கள். முன்வரிசையில்தான் இருக்கிறார்கள், இப்போதே கேட்டுவிடுகிறேன். முதல் கூட்டத்துக்கு நானும் வருகிறேன், பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு.